முதுகு காட்டி ஓட்டுகிற படகு

ஒகேனக்கல்
ஆவணி 5, 1974

சிரஞ்சீவி கருப்பண்ணனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் பெண்சாதி ராணியம்மாளும் பேத்தியும் சுகம், கப்பலில் உனக்கும் ஒரு குறையும் வராமல் மாதேஸ்வரன் காப்பாற்ற வேண்டும். பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, பேசினால் காற்றுதான் வருகிறது. ராணிக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. நீ சனிக்கிழமை எண்ணெய் தேய்க்காமல் இருக்காதே.

நீ அனுப்பின படகுப் பந்தயப் படம் வந்தது. கையால் வரைந்தது என்று எழுதியிருக்கிறாய், நம்பவே முடியவில்லை, துடுப்பில் தண்ணீர் சொட்டுகிறது, கையில் நரம்பு புடைத்திருக்கிறது. ஆனால் எல்லோரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்களே, வரைந்தவன் ஆற்றையே பார்க்காதவன் என்று திட்டினேன். ராணிதான் உன் கடிதத்தை மறுபடி படித்து, அந்த ஊரில் அப்படித்தான் ஓட்டுவார்களாம் என்றாள். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் தம்பி கோவிந்தன் போனபோது நீ கப்பலில் இருந்தாய், யாரும் உனக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆடிப் பதினெட்டுப் பந்தயத்தில் என் அண்ணன் மகன் மாது பரிசலின் முன்னால் மண்டி போட்டுத் துடுப்புப் போட்டான், தம்பி பின்னால் இருந்தான். கரை சேர்ந்து ஜெயித்தோம் என்று கையைத் தூக்கிய பிறகுதான் மாது திரும்பினான், பரிசலில் தம்பி இல்லை, எந்தச் சுழலில் விழுந்தானோ. பார்க்கவில்லை என்று அழுதான். தம்பி அன்று போட்டிருந்த மஞ்சள் பனியன்கூட எனக்கு மறக்கவில்லை. மாது பார்த்துவிட்டுத்தான் வந்தான், ஜெயிப்புதான் அவனுக்குப் பெரிதாகிவிட்டது என்று ஊர் நடுவில் சொன்னேன், அன்றோடு பேச்சை விட்டேன்.

போன மாசம் அவனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கோவிந்தன் என்று பேர் வைக்க நான் சம்மதிக்க வேண்டும் என்று இரண்டு தரம் வந்தான், இரண்டு தரமும் கதவைச் சாத்தினேன். மூன்றாம் தரம் வந்தபோது நீ அனுப்பின படத்தை அவன் முன்னால் போட்டேன். வெகுநேரம் பார்த்தான்.

"நாமளும் இப்பிடி உக்காந்து ஓட்டியிருந்தா என் கண்ணு அவன் மேலயே இருந்திருக்கும் அத்தே" என்றான்.

பந்தயம் போகிற பாறைச் சந்தில் முன்னால் இருக்கிறவன் தலையைத் திருப்பினால் பரிசல் மோதிவிடும், உங்கப்பா ஓட்டினதைப் பார்த்த எனக்குத் தெரியாதா. தெரிந்தேதான் திட்டினேன் கருப்பண்ணா. அவனை விட்டால் வேறு யாரைத் திட்டுவேன், தினமும் குடிக்கிற ஆற்றுத் தண்ணீரையா. பேரை வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். உள்ளே வா என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. நாளைக்குப் பேர் வைக்கிறார்கள், நான் போகவில்லை. தம்பியின் வெள்ளி அரைஞாணை ராணியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ நூறு வயது இருப்பாய் சாமி. மாதுவுக்கு இரண்டு வரி எழுது, மறக்காதே. நான் எழுதச் சொன்னேன் என்று மட்டும் எழுதாதே.

உன் அம்மா
பெரியம்மாள்