அடுத்த பௌர்ணமிக்கு நிச்சயம்

12 மார்ச் 1937, வெள்ளி

ஜும்ஆவுக்காகக் கடை அடைத்திருக்கும் இரண்டு மணி நேரம்தான் வாரத்தில் எனக்குச் சொந்தம். இன்று அதையும் மீரான் மாமாவின் காகிதம் தின்றுவிட்டது. சபியாவின் வாப்பா, என் மாமனார். நாகூரிலிருந்து மாதம் ஒரு காகிதம் போடுவார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், உள்ளே இருப்பது சாக்கு. இந்த மாதச் சாக்கு: சின்ன மகளுக்கு நிக்காஹ் பேசிவருகிறார்களாம், அது முடியும்வரை மூத்தவள் வீட்டில் இருக்க வேண்டுமாம். மாப்பிள்ளை நேரில் வந்து அழைத்துப்போனால் தமக்கு மறுப்பில்லையாம்.

எங்கள் ஊரில் கல்யாணமானாலும் பெண் உம்மா வீட்டில்தான் இருப்பாள். கப்பலேறுவது ஆண்கள் வேலை. அந்த வழக்கத்தையும் மீறி, மாப்பிள்ளை மலாயாவில் காலூன்றியதும் பெண்ணை அனுப்பிவைக்கிறேன் என்று சபையில் எல்லோரும் கேட்கச் சொன்ன மனிதர் இவர். ஐந்து வருஷமாயிற்று. நான் புறப்பட்டபோது வயிற்றில் இருந்த குழந்தைக்கு இப்போது நாலரை வயது. ஹஸீனா. அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் "சௌக்கியம்" என்று எழுதுகிறார். சௌக்கியம் என்பது ஒரு முகமா?

சபியா ஸலாம் சொன்னாளாம். அது கடைசி வரி. அவளுக்கு எப்போதும் கடைசி வரிதான். அவள் குர்ஆன் எழுத்து படித்தவள், தமிழெழுத்துத் தெரியாது. ஆகவே எனக்கும் அவளுக்கும் நடுவில் எப்போதும் அவள் வாப்பாவின் பேனா இருக்கிறது.

20 மார்ச், சனி

சிங்கப்பூரிலிருந்து பத்திரிகை வந்துவிட்டது. என் தொடர்கதை 'கருங்கோட்டை', பதினோராவது வாரம். என் பெயர் பெரிய எழுத்தில் — ஷரீஃபுதீன், மலாக்கா. கைலி மடித்துக்கொண்டே நாலு தரம் பார்த்துவிட்டேன்.

கோட்டைத் தலைவன் வீரகண்டன் பொன்மாலை என்கிற பெண்ணைச் சிறை வைத்திருக்கிறான். யானைத் தந்தம் கொண்டுவந்தால் அவளை விடுவதாக அவள் தகப்பனிடம் வாக்குக் கொடுத்தான். தகப்பன் கொண்டுவந்து கொட்டினான். "அடுத்த பௌர்ணமிக்கு நிச்சயம்" என்று சொல்லிவிட்டான் அந்தக் கொடியவன். அவனுக்கு மீரான் மாமாவின் மூக்கைக் கொடுத்திருக்கிறேன். செருமிவிட்டுப் பேசுகிற பழக்கத்தையும்.

ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸராக இருக்கும் வேலாயுதம் வந்தார். கைலி வாங்குகிற சாக்கில் கதை பேச வருகிறவர். ஒரு தடவை ஏமாற்றியவனை மறுபடி நம்புகிற தகப்பன் மடையன் என்றார். பெண் உள்ளே இருக்கும்போது நம்பாமல் என்ன செய்வான் என்றேன். கைலி வாங்காமலே போனார்.

மீனாச்சிக்கு இந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. பல தலைமுறையாக இங்கிருக்கும் செட்டிகளின் குடியிருப்பான செட்டிக் கம்பத்திலிருந்து காலையில் கடைக்குப் பலகாரம் கொண்டுவருகிறவள். அவர்களுக்குக் கோயிலில் தமிழ்ச்சாமி, வாயில் மலாய். நான் வாராவாரம் கதையை மலாயில் சொல்கிறேன். கூடையை இறக்கும்போதே கேட்பாள், "சுடா லெப்பாஸ்?" விட்டாச்சா என்று. இல்லை என்றால் அன்றைக்குப் பலகாரம் கொஞ்சம் சிறியதாக இருப்பதுபோல் எனக்குத் தோன்றும்.

2 ஏப்ரல், வெள்ளி

சபியாவுக்குக் காகிதம் போட்டேன். வருகிற நோன்புப் பெருநாளைக்கு நிச்சயம் வந்துவிடுகிறேன் என்று. போன பெருநாளைக்கு என்றுதான் முன்பு எழுதியிருந்தேன், கடையில் புதுப் பகுதி திறந்த நேரம், முடியாமல் போயிற்று. அதற்கு முந்திய பெருநாளுக்குப் போகாதது என்ன காரணமோ மறந்துவிட்டது. இந்தத் தடவை தவறாது. மனம் ஒப்பித்தான் எழுதினேன்.

அதற்குள் மாமா அவளை யாராவது நம்மூர்க் குடும்பத்தோடு கப்பலேற்றி அனுப்பிவிட்டால் எல்லாம் சுலபம். அதையும் எழுதினேன்.

17 ஏப்ரல், சனி

கொடியவனை எழுதுவதில் ஒரு சூட்சுமம் இன்று பிடிபட்டது. வாக்குக் கொடுக்கும்போது அவன் பொய் சொல்லக்கூடாது. அந்த நிமிஷத்தில் விடத்தான் நினைக்க வேண்டும். கண் கலங்கினாலும் நல்லது. அப்போதுதான் வாசகன் நம்புவான், பிறகு வாக்குத் தவறும்போது வயிறெரிவான். வெறும் பொய்யன் என்றால் இரண்டாம் வாரமே சலித்துப்போகும்.

"மனம் ஒப்பித்தான் சொல்கிறேன், அடுத்த பௌர்ணமிக்கு நிச்சயம், இந்தத் தடவை தவறாது." வீரகண்டன் இனி இப்படித்தான் பேசுவான். எழுதி முடித்ததும் எனக்கே அவன்மேல் இரக்கம் வந்தது.

ஆசிரியர் எழுதியிருக்கிறார்: பத்திரிகையைத் தேடி வாங்குகிறார்களாம், வருஷம் முடியும்வரை பெண்ணை விட வேண்டாமாம்.

18 ஏப்ரல்

கடை வாசலில் ஒரு குழந்தை "வாப்பா" என்று யாரையோ கூப்பிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன்.

8 மே, சனி

இங்கிலாந்து ராஜாவின் முடிசூட்டு விழாவுக்காக ஊரெல்லாம் தோரணம். கடைக்கும் ஒன்று கட்டச் சொன்னார் முதலாளி. ஏணியில் நிற்கிறேன், கீழிருந்து மீனாச்சி கேட்கிறாள்: அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு அவன் என்ன சுகத்தைக் கண்டான்? சேர்ந்து சாப்பிடுகிறானா, பேசுகிறானா, ஒன்றுமில்லையே.

ஏணியிலிருந்து இறங்கிப் பலகாரத்துக்குக் காசு கொடுத்தேன். கதை எழுதுகிறவனை இப்படியெல்லாம் கேட்கக்கூடாது.

4 ஜூன், வெள்ளி

மழை. கடைத்தெருவில் ஆளில்லை.

அவளோடு நான் இருந்தது பதினோரு மாதம். சிரிப்பு வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். தைக்க உட்கார்ந்தால் தன் பாதத்தை என் பாதத்தின்மேல் வைத்துக்கொண்டுதான் தைப்பாள், அப்போதுதான் ஊசி ஆடாதாம். இதெல்லாம் நினைவிருக்கிறது. குரல் மட்டும் நினைவில் வரவில்லை. இன்று மத்தியானம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். 'மச்சான்' என்பாள். சொல் வருகிறது, குரல் வரவில்லை.

அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது? பார்க்க வேண்டும்.

போனால் என்ன? போகலாம். மாமா வீட்டில் மாப்பிள்ளைக்கு மூன்று வேளையும் கோழியும் முட்டையும் வரும், பேசத்தான் இடமிருக்காது. மாமா பேசுவார், நாம் தலையாட்ட வேண்டும். இங்கே காஜா பேராங் கடைத்தெருவில் போகிறவன் நின்று, என்ன ஷரீஃபுதீன் பாய், அந்தப் பெண்ணை எப்போது விடப்போகிறீர்கள் என்று கேட்கிறான். போனால் கதை வேறு கைக்குப் போய்விடும். பெருநாளைக்குப் போகத்தானே போகிறேன்.

3 ஜூலை, சனி

முதலாளி தாமாகவே சொன்னார், ஆகஸ்டில் தர்காக் கந்தூரிக்கு ஊருக்குப் போய்வா, கடைப் பையன் யூசுப்பை வைத்துச் சமாளிக்கிறேன் என்று. கதை நல்ல கட்டத்தில் நிற்கிறது. பெருநாளைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

14 ஆகஸ்ட், சனி

நாகூரில் கந்தூரி நடந்துகொண்டிருக்கும். போயிருக்கலாம்.

மாமாவிடமிருந்து வேடிக்கையான காகிதம். நான் அனுப்பும் பத்திரிகையை வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுப் பெண்களுக்கு உரக்க வாசித்துக்காட்டுகிறாராம். "வீரகண்டன் வெகு இயற்கையாக அமைந்திருக்கிறான்" என்று பாராட்டு வேறு. தம் மூக்கை அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது! கடையில் தனியாக நின்று சிரித்தேன்.

10 செப்டம்பர், வெள்ளி

உறையின்மேல் மாமாவின் எழுத்து. உள்ளே அவர் எழுத்து இல்லை.

அரபுத் தமிழ். பேச்சு தமிழ், எழுத்து குர்ஆன் எழுத்து. மதரஸாவை விட்ட பிறகு நான் வாசித்ததே இல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்க ஜும்ஆ முடிந்த பொழுது முழுதும் ஆயிற்று. அவளும் மெல்லத்தான் எழுதியிருப்பாள். இங்கே தமிழில் எழுதிவைக்கிறேன்.

"மச்சான் அவங்களுக்கு சபியா ஸலாம். நானே எழுதுறேன், வாப்பாவுக்குத் தெரியும். உங்க கதையை வாப்பா வாசிக்க நாங்க எல்லாரும் கேக்குறோம். மனம் ஒப்பித்தான் சொல்கிறேன், நிச்சயம், இந்தத் தடவை தவறாதுன்னு அந்தக் கொடியவன் சொன்னப்போ உம்மா என்னைப் பார்த்தாங்க. நான் குனிஞ்சுக்கிட்டேன். உங்க காகிதம் எல்லாம் எனக்கு மனப்பாடம் மச்சான். வாப்பா ஒரு தரம் வாசிச்சாப் போதும் எனக்கு. அடுத்த வாரமும் அந்த இடம் வந்துச்சு. வாப்பா வாசிக்காம நிறுத்திட்டாங்க, கண்ணு மங்குதுன்னாங்க. அந்த ஆளு ஏன் எல்லாத் தடவையும் பொய் சொல்றான்னு ஹஸீனா கேட்டா. பொய் இல்லம்மா, சொல்றப்போ உண்மையாத்தான் சொல்றான்னு வாப்பா சொன்னாங்க.

"வாப்பா என்னை அடைச்சு வெச்சிருக்காங்கன்னு நெனைக்காதீங்க. தங்கச்சிக்கு நிக்காஹ் எதுவும் பேசல. அனுப்பச் சொல்லி நீங்க எழுதினப்பல்லாம் நான்தான் மாட்டேன்னேன். யார்கூடவோ சாமான் மாதிரி வர மாட்டேன். நீங்க வந்து கூப்பிட்டா வருவேன். மகள் இப்படிச் சொல்றாள்னு மருமகனுக்கு எழுதக் கூச்சப்பட்டு வாப்பா சாக்கெல்லாம் தன் மேல போட்டுக்கிட்டாங்க. கதையில அந்தப் பொண்ணை விடுறதும் விடாததும் உங்க இஷ்டம்."

11 செப்டம்பர்

முதலில் கோபம்தான் வந்தது. யாரிடம் என்று தெரியாத கோபம். கைலிக் கட்டைத் தூக்கி எறிந்தேன். யூசுப் எடுத்து அடுக்கினான்.

அப்புறம் இந்த நோட்டைத் திருப்பினேன். ஏப்ரல் இரண்டு. ஏப்ரல் பதினேழு. நடுவுல பதினஞ்சே நாள். என் வாயால அவளுக்குச் சொன்னதை அப்படியே எடுத்து அவன் வாயில வெச்சிருக்கேன், சூட்சுமம் பிடிபட்டதாம்! மூக்குதான் மாமாவோடது. நாக்கு யாரோடது?

அந்த மனுஷன் வாசிச்சிருக்கார். வாரா வாரம், பொண்ணை முன்னால உட்காரவெச்சுக்கிட்டு. வெகு இயற்கையா இருக்குன்னு எழுதினாரே — தெரிஞ்சுதான் எழுதியிருக்கார். நான் சிரிச்சேன்.

12 செப்டம்பர்

பதில் எழுத உட்கார்ந்தேன். எப்படித் தொடங்கினாலும் மூன்றாவது வரியில் ஒரு தேதி வந்துவிடுகிறது. எந்தத் தேதி எழுதினாலும் அது வீரகண்டன் எழுதியதுபோல் இருக்கிறது. நாலு தாள் கிழித்தேன்.

25 செப்டம்பர், சனி

கடைசி அத்தியாயத்தை எழுதி அனுப்பி ஒரு வாரம் ஆயிற்று. வீரகண்டன் யாரும் கேட்காமல், எதுவும் சொல்லாமல் கோட்டைக் கதவைத் திறக்கிறான். பொன்மாலை எழுந்திருக்கவில்லை. திறந்த கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அங்கே நிறுத்திவிட்டேன்.

அனுப்பும் முன் வேலாயுதத்திடம் காட்டினேன். "ஆறு தடவை ஏமாத்துனவன் ஏழாவது தடவை கதவைத் திறந்தா அவ எப்படி பாய் நம்புவா?" என்றார். அதுதான் எனக்கும் தெரியவில்லை என்றேன். எப்போதும் என்னோடு சண்டை போடுகிறவர், அன்று ஒரு கைலி வாங்கிக்கொண்டு போனார்.

ஆசிரியரின் பதில் இன்று வந்தது. இது முடிவே அல்லவாம், பெண் இன்னும் மூன்று மாதம் உள்ளே இருக்க வேண்டுமாம், எனக்கு முடியாவிட்டால் வேறு ஒருவர் தொடர்ந்து எழுதுவாராம். எழுதட்டும்.

முதலாளியிடம் ஊருக்குப் போகிறேன் என்றேன். எப்போது திரும்புவாய் என்றார். தெரியாது என்று சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

மீனாச்சி வழக்கம்போல் கேட்டாள். கதவைத் திறந்துவிட்டான் என்று மலாயில் சொன்னேன். பெண் போய்விட்டாளா என்றாள். தெரியவில்லை என்றேன். எழுதினவனுக்கே தெரியாதா என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். காசு வாங்காமல் இரண்டு பொட்டலம் அதிகமாக வைத்துவிட்டுப் போனாள்.

9 அக்டோபர், சனி

போர்ட் சுவெட்டன்ஹாம். கப்பல் மாலையில் புறப்படும். நாகூருக்குத் தந்தி அடிக்கவில்லை. வருகிறேன் என்று சொன்னால் அது இன்னொரு வாக்கு.

18 அக்டோபர், திங்கள், நாகூர்

கதவைத் திறந்தது மாமா. கண் உண்மையாகவே மங்கித்தான் இருக்கிறது. என்னை அடையாளம் காண அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. செருமினார். என் பெட்டியைத் தாமே தூக்கப் போனார். நான் பிடுங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், "மொதல்ல உள்ள வாங்க மாப்பிள்ளை" என்றார்.

சபியா நிலைப்படிவரை வந்தாள். பார்த்தாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "வெயில்ல வந்தீங்களா?" என்றாள். குரல்! ஜூன் மாதம் முழுக்கத் தேடிய குரல். செம்பைக் கீழே வைக்க முடியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஹஸீனா மாமாவின் கைலிக்குப் பின்னால் நின்றாள். மூக்கு சபியாவுடையது. என்னை நன்றாகப் பார்த்துவிட்டு மாமாவிடம் கேட்டாள், "இவங்க எப்பப் போவாங்க?"

சபியா என்னைப் பார்த்தாள். என் வாயில் ஏதோ ஒரு தேதி வந்தது. விழுங்கிவிட்டேன்.

26 அக்டோபர்

பெட்டி கூடத்து மூலையில் கயிறு கட்டியபடியே இருக்கிறது. சபியா அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறாள், பெருக்கும்போது அதை மட்டும் விட்டுப் பெருக்குகிறாள். கைப்பையில் இருக்கும் இரண்டு சட்டையை மாற்றி மாற்றிப் போடுகிறேன். கயிற்றை நானே அவிழ்க்கலாம்தான். கை போகவில்லை.

என்னோடு மலாக்காவுக்கு வருகிறாயா என்று கேட்டேன். "இப்பக் கேக்காதீங்க மச்சான்" என்றாள். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

4 நவம்பர், வியாழன்

பிறை தெரிந்துவிட்டது. நாளை தலைநோன்பு. காலையிலிருந்து வீடு கழுவினார்கள், ஆண்கள் எல்லோரையும் வெளியே துரத்திவிட்டார்கள். நானும் மாமாவும் மாலை அஸர் தொழுகைவரை பள்ளிவாசலில் உட்கார்ந்திருந்தோம். அவர் தம் விசிறியை என் பக்கமும் வீசினார்.

திரும்பி வந்தபோது முற்றத்துக் கொடி முழுதும் என் துணிகள். மலாக்காவிலிருந்து மடிப்புக் கலையாமல் கொண்டுவந்த புதுக் கைலிகளையும் சேர்த்து நனைத்துப் போட்டிருக்கிறாள். கூடத்து மூலையில் பெட்டி இல்லை. பெட்டி எங்கே என்று கேட்டேன்.

"நோன்புக்கு வாங்கின அரிசியை அதுலதான் கொட்டி வெச்சிருக்கேன்," என்றாள் சபியா, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே.