சாகுலின் உம்மாவுக்கு

அன்புள்ள அக்கா,

பக்கத்து வீட்டுப் பெண் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கிறாள். ஆண் குழந்தை, பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்று காலை பார்க்கப் போயிருந்தேன். வந்திருந்தவர்கள் எல்லாம் மூக்கு யாரைப் போல, நெற்றி யாரைப் போல என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மூலையில் அவிழ்த்துப் போட்டிருந்த ஈரத்துணியை எடுத்து விரித்துப் பார்த்தேன். நல்ல மஞ்சள். அம்மியில் அரைத்து வழித்தெடுத்த மஞ்சள் மாதிரி இருந்தது. மனசு நிறைந்துவிட்டது.

"என்னக்கா, வந்ததும் வராததுமா பீத்துணியப் போயிப் பாக்கிய?" என்று அந்தப் பெண் சிரித்தாள். பால் வாடையும் சாம்பிராணி வாடையும் கலந்து கிடந்த அந்த அறையில், நீங்கள் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது போல இருந்தது. வீட்டுக்கு வந்து பீடி சுற்றும் தட்டை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

உங்களை நான் முதலில் பார்த்தது பாளையங்கோட்டையில், குழந்தைகள் வார்டில். என் மகள் பவித்ராவுக்கு அன்று நாற்பத்தாறு நாள். முக்கூடலில் தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்சம்மா அவள் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னுமா காமாலை இருக்கு? இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அதுவரை தினமும் அவளைக் காலை வெயிலில் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பிள்ளை நன்றாகப் பால் குடித்தாள், முகம் பார்த்துச் சிரித்தாள். மலம் மட்டும் சுண்ணாம்பு கரைத்தது போல வெள்ளையாகப் போனது. பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு வேறெப்படிப் போகும் என்று நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் நீங்கள் சாகுலை மடியில் வைத்து இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் பையிலிருந்து துணி எடுப்பதைப் பார்த்து நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "ஏளா, அந்த அழுக்குத் துணியக் கொண்டா, பாப்போம்" என்பதுதான். எனக்குக் கூச்சமாக இருந்தது. நீங்கள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்.

"எத்தன நாளு?"

"நாப்பத்தாறு."

"அல்லா! நேரம் இருக்குளா" என்றீர்கள். எதற்கு நேரம் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா வந்து சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. அவர் போன பிறகு நீங்கள்தான் சொல்லித்தந்தீர்கள். "ஈரல்ல இருந்து பித்தம் எறங்குத குழாய் இவளுக்கு அடைஞ்சு கெடக்கு. பித்தம் குடலுக்கு வந்தாத்தான் மஞ்சளாப் போவும். வரலைன்னா உள்ளயே தேங்கி ஈரலைத் தின்னுரும். குடலை எடுத்து ஈரலோட சேத்துத் தைப்பாவ. ரெண்டு மாசத்துக்குள்ள செஞ்சாத்தான் நல்லாப் பிடிக்கும்." டாக்டரம்மா எங்களைச் சென்னைக்குப் போகச் சொல்லியிருந்தார். சாகுலுக்கும் இதே நோய்தான். ஆனால் அவனுக்கு அது என்னவென்று தெரியும்போதே ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஆபரேஷன் செய்தும் பித்தம் இறங்கவில்லை. இரண்டரை வயதில் அவன் வயிறு பானை போல உப்பி, கைகால் குச்சியாக இருந்தது. வேறு ஈரல்தான் வைக்க வேண்டும், அதற்கு முதலில் உடம்பு தேற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் மாறிக் காய்ச்சல் வந்து அவனைத் தேறவே விடவில்லை.

ஆனாலும் அந்த வார்டை நினைத்தால் எனக்கு உங்கள் சிரிப்புதான் முதலில் வருகிறது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நீங்கள் சாகுல் உம்மா, நான் பவித்ரா அம்மா. வராந்தாக் கம்பியில் துணி காயப்போட்டுக்கொண்டே எந்தத் துணி எந்தப் பிள்ளையுடையது என்று அடையாளம் சொல்வீர்கள். சாகுல் வெள்ளை உடுப்புப் போட்ட எல்லோரையும் "டீச்சர்" என்பான். ஊசி போட வந்த பெரிய டாக்டரையும் "டீச்சர், வேண்டாம் டீச்சர்" என்று அவன் கும்பிட்டபோது அந்த மனிதர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தார். மேலப்பாளையத்திலிருந்து உங்கள் தங்கை தூக்குச்சட்டியில் கொண்டுவரும் சோற்றில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. "பாலு குடுக்குதவ நல்லாத் தின்னணும்" என்று அதட்டி இன்னொரு கரண்டி வைப்பீர்கள். அந்த நான்கு நாளில் நான் அழுதது கொஞ்சம்தான் அக்கா. உங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு அழுவது சங்கடமாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் என் வீட்டுக்காரரும் மாமனாரும் வந்தார்கள். "காமாலைக்கு எவனாது கத்தி வைப்பானா? பச்சிலை குடுத்தா ஏழு நாள்ல எறங்கிரும். துணியக் கட்டு, போவோம்" என்றார் மாமனார். என் வீட்டுக்காரர் பிளாஸ்கை எடுத்துப் பையில் வைத்தார். டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் எங்கள் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று எழுதிக் கொடுக்கக் காகிதம் கேட்டுவிட்டார்கள். நானும் துணியைக் கட்டினேன். இன்றைக்கு எல்லோரும் அவர்களைத்தான் குறை சொல்கிறார்கள். உள்ளுக்குள் எனக்கும் சந்தோஷமாக இருந்தது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். என் உள்ளங்கை அளவுகூட இல்லாத வயிற்றைக் கிழிக்க வேண்டாமே என்று இருந்தது.

நீங்கள் எழுந்து வந்து என் கையைப் பிடித்தீர்கள். "போவாத. போனா இந்த நாளு திரும்ப வராது."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "ஒங்க புள்ளைக்கு வந்தது எம் புள்ளைக்கும் வரணும்னு நெனைக்கியளா?"

நீங்கள் என் கையை விட்டுவிட்டீர்கள். கட்டிலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தீர்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் சாகுலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றீர்கள்.

"தம்பி, ஒரு நிமிசம். இவனைப் பாருங்க." அவன் சட்டையை மேலே தூக்கினீர்கள். அந்த வயிற்றில் நீலநீலமாக நரம்பு ஓடியது. "நானும் பச்சிலை குடுத்தேன். வெயில்ல காட்டுனேன். ஓதிப் பாத்தேன். எனக்குச் சொல்லுததுக்கு ஒரு ஆளு இல்ல. ஒங்களுக்கு நான் சொல்லுதேன். இதுக்கு மேல ஒங்க இஷ்டம்."

சாகுல் கூச்சத்தில் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தான். அவர் அவன் வயிற்றை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். "அப்பா, நீங்க ஊருக்குப் போங்க. நாங்க மெட்ராஸ் போறோம்" என்றார். கல்யாணமாகி நான் பார்த்து, தன் அப்பாவை அவர் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஐம்பத்து நாலாம் நாள் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் துணியைப் பார்ப்பதுதான் வேலை. வெள்ளை, வெள்ளை, மறுபடியும் வெள்ளை. எட்டாம் நாள் மத்தியானம் லேசாகப் பச்சை தட்டியிருந்தது. என் கண்ணை நம்பாமல் நர்சைக் கூப்பிட்டுக் காட்டினேன். உடனே உங்களுக்குத்தான் போன் போட்டேன்.

"அக்கா, பச்சையாப் போயிருக்குக்கா!"

நீங்கள் விம்மி அழுதீர்கள், அழுகையோடே சிரித்தீர்கள். "நல்லாப் பாத்தியா? வெளிச்சத்துல வச்சுப் பாத்தியா?" என்று இரண்டு முறை கேட்டீர்கள். யாரையோ கூப்பிட்டு, "அந்தப் புள்ளைக்குப் பித்தம் எறங்கிட்டாம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. சாகுல் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "ஒறங்குதான்" என்றீர்கள்.

ஒரு மாதம் கழித்து ஊர் திரும்பியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குத்தான் வந்தோம். கதவைத் திறந்த உங்கள் தங்கை எங்களைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் போன் செய்ததற்கு இரண்டு நாள் முன்னால் சாகுல் மவுத்தாகிவிட்டான். மூன்றாம் நாள் ஓதுவதற்குக் கூடியிருந்த ஆட்களின் நடுவில் இருந்துதான் நீங்கள் என்னோடு பேசியிருக்கிறீர்கள்.

நீங்கள் உள்ளிருந்து வந்து பவித்ராவை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அவள் கண்ணைப் பார்த்தீர்கள். "மஞ்சள் நல்லாக் கொறஞ்சிருக்கே" என்றீர்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அன்னைக்கு எனக்கு வந்த நல்ல சேதி அது ஒண்ணுதாம்ளா. அதைப் போயி நான் கெடுப்பனா?"

அதற்குப் பிறகு பத்துப் பதினோரு வருஷம் நீங்கள் எங்களுக்கு உறவாக இருந்தீர்கள். பரிசோதனைக்குப் பாளையங்கோட்டை போகும் நாளெல்லாம் பஸ் நிறுத்தத்தில் எங்களுக்கு முன்னால் நிற்பீர்கள். பவித்ரா உங்களைப் பெரியம்மா என்றாள். நோன்பு மாதத்தில் தூக்குவாளியில் கஞ்சி வரும். என் மாமனார் அதற்காக ஆவலாகத் தெருமுனைவரை போய் நிற்பார். குடித்துவிட்டு, "அந்தம்மாவ ஒரு நாள் சாப்பிட வரச் சொல்லு" என்பார். மூன்று வயதில் பவித்ராவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தபோது, விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்த என்னைப் போனிலேயே விரட்டினீர்கள். "இந்தப் புள்ளைகளுக்குக் காய்ச்சல்னா காத்துக்கிட்டு இருக்கக் கூடாது, கெளம்பு!" ஈரலில் கிருமி ஏறியிருந்தது. அன்றும் பிழைத்தாள்.

நான் சொன்ன அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க ஒரே ஒரு முறை வாயைத் திறந்தேன். "அக்கா, அன்னைக்கு வார்டுல..." என்று தொடங்கும்போதே, "பஸ்ஸு வந்துட்டு, ஏறு ஏறு" என்று என்னை நெட்டித் தள்ளினீர்கள். அது நம்முடைய பஸ்ஸே இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி இருவரும் சிரித்தபடி நடந்து வந்தோம். அந்த நடையில்தான் நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். இத்தனை வருஷத்தில் நீங்கள் எனக்காகக் கேட்காமல் உங்களுக்காகக் கேட்டது அது ஒன்றுதான். "வீட்டுல யாரும் அவன் பேரையே சொல்ல மாட்டேங்காவ, நான் வெசனப்படுவேன்னு. சொல்லாமப் போனாத்தான் எனக்கு வெசனமா இருக்கு. நீயாவது சொல்லு, என்ன?"

நெஞ்சுவலி என்று உங்களைக் கொண்டுபோன அன்று நாங்கள் சென்னையில் இருந்தோம். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. கேட்க வேண்டிய மன்னிப்பை இந்தக் காகிதத்தில் கேட்கிறேன். இங்கே நீங்கள் பஸ்ஸைக் காட்டித் தப்பிக்க முடியாது.

பவித்ராவுக்குப் பன்னிரண்டு வயது. மண்ணீரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. பிற்காலத்தில் ஈரல் மாற்ற வேண்டி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். வந்தால் கொடுக்க நான் இருக்கிறேன். அந்தப் பயம் இப்போது பழகிவிட்டது.

போன வாரம் அவள் தோழிகளோடு ஆற்றுக்குக் குளிக்கப் போனாள். நான் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஈரச்சட்டை ஒதுங்கி வயிற்றின் குறுக்கே போகிற தழும்பு தெரிந்தது. புதிதாக வந்த ஒரு பிள்ளை, "இது என்னளா?" என்று கேட்டது. பவித்ரா கூச்சப்படவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னாள்.

"சின்னப்புள்ளைல ஆபரேஷன் பண்ணுனாவ. எனக்கு சாகுல்னு ஒரு அண்ணன் இருந்தான். அவன்தான் எங்க அப்பாட்டச் சொல்லி என்னைய மெட்ராசுக்கு அனுப்பி வச்சான்."

உங்கள்
பவித்ரா அம்மா