நான் நிரை மாற்றிக் கேட்ட காரணம்

அக்கா,

நேற்று டிக்கோயா ஆஸ்பத்திரியில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எதிர் வாங்குப் பலகையில் இருந்த ஒரு பெண் கணுக்காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். அழுகிய வாடை குப்பென்று அடித்தது. என் கை தானாகவே முந்தானையை மூக்குக்குக் கொண்டு போனது. உடனே உங்கள் நினைவு வந்தது. அவள்மீது வந்த அருவருப்பு என்மீதே திரும்பிவிட்டது.

தோட்டத்து லயத்தில், ஒரே வரிசைக் கூரையின் கீழ், நமக்கு அடுத்தடுத்த வீடு. கொழுந்து எடுப்பதும் தேயிலைச் செடி வரிசைகளில் பக்கத்துப் பக்கத்து நிரையில். மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு உங்கள் காலில் நரம்புகள் புடைத்துச் சுருண்டன. தோலுக்கடியில் அட்டைகள் நெளிவதுபோல் இருக்கும். நான் பார்க்காமலிருக்கப் பழகினேன். பிறகு முழங்காலுக்குக் கீழே ஒரு நரம்பு சிவந்து, கயிறுபோல் இறுகி, தொட்டால் சுட்டது. கங்காணியிடம் காட்டினீர்கள். மலையில் நிற்கிற எல்லோருக்கும் நரம்பு சுற்றத்தான் செய்யும் என்று சொல்லி, வெற்றிலை எச்சிலை உங்கள் காலடியிலேயே துப்பிவிட்டுப் போனார்.

லயத்தில் ஒருவர் சுண்ணாம்பு பூசச் சொன்னார். இன்னொருவர் சூடான எண்ணெய் விட்டு அழுத்தி உருவச் சொன்னார். இரண்டையும் செய்தீர்கள். கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்தது. சொறிந்த இடம் புண்ணாகி நீர் வடிந்தது. மழையில் நனைந்த கட்டுத்துணியும் சீழும் சேர்ந்து நாறின. தேத்தண்ணி நேரத்தில் உங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ரொட்டியை விழுங்க முடியாமல் நான் செடிப் பற்றைக்குள் எறிந்திருக்கிறேன். ஒருநாள் கங்காணியிடம் போய் வேறு நிரை கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் அதை எல்லோர் முன்னாலும் உரக்கச் சொல்லிச் சிரித்தார்.

நீங்கள் சண்டைக்கு வரவில்லை. சாயங்காலம் தண்ணீர் பிடிக்கும் பீலியில் கால் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்:

"நாத்தம் எனக்குந்தான் அடிக்குது புள்ள. நான் எந்த நெரைக்கு மாறிப் போறது?"

குடம் நிறையும் முன்பே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் உங்கள் கால் முழுவதும் வீங்கியது. அப்படியும் வேலைக்கு வந்தீர்கள். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கி நின்று நின்று வந்ததை என் புது நிரையிலிருந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடையோடு சரிந்தீர்கள். லொறியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. சாவு வீட்டுக்கு அதே கங்காணி மாலையோடு வந்து, தங்கமான மனுசி என்றார். நானும் தலையாட்டினேன்.

இப்போது என் காலிலும் அதே சிவந்த கயிறு. நாம் நரம்பு என்று சொல்வது இரத்தக் குழாயாம். மேலே ஏற வேண்டிய இரத்தம் தேங்கி, உறைந்து, குழாய் சிவந்து வீங்கிவிடுகிறதாம். டாக்டர் விளக்கினார். அழுத்தி உருவவே கூடாது. ஒரே இடத்தில் நிற்காமல் நடக்க வேண்டும், உட்காரும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும், காலையில் எழுந்ததுமே இறுக்கமான காலுறை போட வேண்டும். கால் திடீரென்று வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது; உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். புண்கூட ஒழுங்காகக் கட்டுப் போட்டால் ஆறும் என்றார்.

ஆறுமா என்று இரண்டு தடவை கேட்டேன். என் காலில் புண் இல்லையே என்று அவர் விழித்தார்.

இன்று காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில் நிற்கும்போது உங்கள் மூத்த மகளைக் கவனித்தேன். அவளும் இப்போது கொழுந்துக்கு வருகிறாள். பாவாடையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். காலைக் காட்டச் சொன்னேன்.

"வேணாம் சித்தி. அசிங்கமா இருக்கும்."

"பரவால்ல. காட்டு."

ஈரத் தரையில் மண்டியிட்டுப் பார்த்தேன். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், அக்கா. எனக்குக் குமட்டியது. அது என்னை விட்டுப் போகாது போலிருக்கிறது. ஆனால் அவள் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து முடிக்கும்வரை முகத்தைத் திருப்பவில்லை. திங்கட்கிழமை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.