ரெஸ்டில் போட்ட வண்டி

மாமா,

இடது கை விரல்களில் பெட்ரோல் வாசனை இன்னும் போகவில்லை. காலையில் உங்கள் பேத்தியைச் செங்கல்பட்டில் ரயில் ஏற்றிவிட்டு வந்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் பார்த்தாயிற்று. டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பில் வாஷர் மறுபடியும் தேய்ந்துவிட்டது. கை வைத்தால் கசிகிறது. நீங்கள் இருந்திருந்தால் பழைய வேட்டியில் ஒரு நாடா கிழித்து அதன் கழுத்தில் சுற்றிவிட்டு, "கட்டுப் போட்டாச்சு மாப்ள, ஆறிடும்" என்றிருப்பீர்கள்.

நீங்கள் போய் ஐந்தாறு வருஷமாகிறது. வண்டி நீங்கள் நிறுத்தச் சொன்ன அதே முருங்கை மரத்தடியில்தான் நிற்கிறது. நானும் நீங்கள் இருக்கச் சொன்ன அதே வீட்டில்தான் இருக்கிறேன். இத்தனை காலத்துக்குப் பிறகும் 'என் வீடு' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. மாமல்லபுரம் பஸ் நிலையத்து டீக்கடையில் என் பெயர் இன்றைக்கும் 'டைம் கீப்பர் மாப்ள'தான். எம்.ஏ., எம்.ஃபில். எல்லாம் யாருக்கும் நினைவில்லை. பஸ்ஸுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்த உங்கள் உத்தியோகம் மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

கல்யாணமான புதிதில் நீங்கள் சொன்னது, "மூணு மாசம் இருங்க மாப்ள. அப்புறம் செங்கல்பட்டுல வூடு பாத்துக்கலாம்." நான் நம்பினேன். அண்ணன் வீட்டில் ஓரமாகப் படுத்துக்கொண்டிருந்தவனுக்கு அது மரியாதையான ஏற்பாடாகத்தான் தெரிந்தது. மூன்று மாதம் பிரசவம் வரை நீண்டது. பிறகு, குழந்தை தவழட்டும் என்றீர்கள். குழந்தை நடக்க ஆரம்பித்ததும், நான் வேலை பார்த்த டுடோரியலுக்குப் பக்கத்திலேயே ஒரு வாடகை வீட்டைப் பார்த்துவிட்டு வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் மறுக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்து, "தெனிக்கும் பஸ்ல போய்கினு வர்றதுதானே கஷ்டம்? அதுக்கு எதுக்கு வூடு மாறணும்? வண்டி வாங்கிக்கலாம்" என்றீர்கள்.

"பஸ்ஸே இருக்கே மாமா" என்றேன்.

"ஆயுசு பூரா பஸ்ஸுக்கு டைம் போட்டவன் சொல்றேன். பஸ்ஸ நம்பாதீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமையே, நம்பக் கூடாத அந்தப் பஸ்ஸிலேயே ஏறி இருவரும் கருங்குழிக்குப் போனோம். விற்கிறவர் அரிசி மண்டிக்காரர். கறுப்பு வண்டி; டேங்கில் ஒரு பக்கம் சொட்டை. நம்மைக் கண்டதும் துள்ளி எழுந்து ஒரே உதையில் வண்டியைக் கிளப்பிக் காட்ட வந்தார். நீங்கள் அவரைக் கையமர்த்திவிட்டு, இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தீர்கள்.

"இன்னா அண்ணாத்த, கொதிக்குது? நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடேத்தி வச்சிகினியா? ஆறட்டும். ஆறின வண்டி கிளம்புதான்னு பாப்போம்."

"கொழந்த மாதிரி வச்சிகினுகீறன் நைனா."

"கொழந்தன்னா தவழ்ந்துகினுதான் போவுமா?"

டீ வந்தது. இன்ஜின் ஆறும் வரை நெல் விலை, மழை, அவர் மகன் ஏன் வண்டியைத் தொடுவதில்லை என்று எல்லாவற்றையும் பேசினீர்கள். ஆறிய வண்டி ஏழெட்டு உதைக்குப் பிறகு இருமிக்கொண்டு கிளம்பியது. அதைச் சொல்லிச் சொல்லியே விலையைக் குறைத்தீர்கள். சாவியைக் கொடுக்கும்போது மண்டிக்காரர் சிரித்தார். "மாப்ளைக்கா? நல்லது. பழைய வண்டி வச்சிகினுகீறவன் வெளியூரு போவ மாட்டான். ஞாயித்துக்கெழம ஆனா அதுகிட்டயே குந்திகினு இருப்பான்." நீங்களும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆள் சொன்னபடியேதான் நடந்தது.

கடலோரத்தில் பழைய வண்டி வைத்திருப்பது நோயாளியோடு குடித்தனம் நடத்துவது மாதிரி. உப்புக் காற்றில் ரிம் பொரிந்தது, செயின் சிவந்தது, கிளட்ச் ஒயர் உறைக்குள்ளேயே இற்றுப்போய் ஒரு நாள் திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் அறுந்தது. சட்டைப் பையில் பேனாவோடு ஒரு ஸ்பார்க் பிளக்கும் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். உப்புத்தாளால் பிளக்கைத் தேய்த்த கறுப்பு, கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸில் ஒட்டும். பத்தாவதில் தவறிய பையன்கள் பின்வரிசையிலிருந்து, "சாருக்கு இன்னிக்கும் பிளக் அடச்சிகிச்சுடா" என்பார்கள். என்னோடு படித்து, என்னைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் அரசுக் கல்லூரிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஞாயிறுதோறும் உங்கள் வாசலில் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் சாயங்காலம் நான் இறங்கியதும் அது உங்களுடையதாகிவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியோடு வருவீர்கள். மட்கார்டு, ஹேண்டில்பார், சைலன்சர் என்று ஒரு இடம் விடாமல் துடைப்பீர்கள். "இன்னா மாப்ள, வண்டி இன்னா சொல்லுது?" என்பீர்கள். என்னைப் பற்றிக் கேட்டதாக நினைவில்லை. நான் உள்ளே போய்விடுவேன். நான் போன பிறகு அதோடு என்ன செய்கிறீர்கள் என்று கவனித்ததில்லை.

மதுரையில் ஒரு கல்லூரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அவர்களே குடியிருக்க இடமும் கொடுப்பார்கள். உங்கள் மகளிடம் சொன்னேன். "அப்பா கிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "போய்ட்டு வாங்க" என்றீர்கள். போங்க என்று சொல்லவில்லை. அதை அன்றே கவனித்தேன்.

அதே வாரத்தில் கிருத்திகை வந்தது. திருப்போரூர் போக வேண்டும் என்றீர்கள். உங்களைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போய் வந்தேன். டேங்கில் பெட்ரோல் இறங்கியிருக்கும் என்று தெரியும். ஆனால் ரிசர்வ் என்று ஒன்று இருக்கிறதே! வண்டி விக்கினால் பெட்ரோல் டேப்பின் குமிழை ரிசர்வுக்குத் திருப்ப வேண்டியதுதான். அடியில் எடுத்துவைத்த பெட்ரோல் செங்கல்பட்டு வரை தாராளமாகப் போதும். அந்தக் கணக்கில்தான் மதுரை ரயிலைப் பிடிக்கக் கிளம்பினேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு ஏரிக்கரை வளைவில் வண்டி விக்கியது. ஓடிக்கொண்டே இடது கையைக் கீழே விட்டுக் குமிழைத் திருப்பப் போனேன். அது ஏற்கெனவே ரிசர்வில் இருந்தது. எடுத்துவைத்த பெட்ரோலையும் சேர்த்துத்தான் அத்தனை தூரம் ஓட்டியிருக்கிறேன். இறங்கி டேங்கைக் குலுக்கினேன். வண்டியை ஒரு பக்கமாகப் படுக்கவைத்து நிமிர்த்திக் கிளப்பினேன். பத்தடி ஓடி நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தள்ளினேன். ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது ரயில் போய், பிளாட்பாரம் காலியாகிக்கொண்டிருந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் போய் நின்றும் பார்த்தேன். மறுநாள் முகூர்த்தம். தெற்கே போன பஸ் பெரும்பாலும் நிற்கவில்லை. நின்ற ஒன்றிலும் படியில்கூட இடமில்லை.

திரும்பி வந்து முற்றத்தில் நின்று கத்தினேன். யார் வண்டியைத் தொட்டது என்றேன். நீங்கள் துணியோடு வந்தீர்கள்.

"நாந்தான் தெனிக்கும் ரெஸ்ட்ல போடறேன் மாப்ள."

"எதுல?"

"ரெஸ்ட்ல. நாளெல்லாம் ஓடுது, அதுக்கும் ரெஸ்ட் வேணாமா? இதோ, எழுதிகீதே." குனிந்து குமிழின் பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினீர்கள். "ஆர், ஈ, எஸ். 'டி' அழிஞ்சிபோச்சு."

அங்கே 'டி' இருந்ததே இல்லை, மாமா. ரிசர்வ் என்பதற்காகப் பொறித்த மூன்று எழுத்தை ரெஸ்ட் என்று படித்து, ஒவ்வொரு சாயங்காலமும் வண்டியை ஓய்வெடுக்க வைத்திருக்கிறீர்கள். குமிழ் முழங்காலுக்குக் கீழே இருப்பதால் காலையில் நான் பார்ப்பதில்லை. பெட்ரோல் இறங்கும், வண்டி கிளம்பும், போய்விடுவேன். திங்கள்தோறும் பெட்ரோல் போட்டுவிடுவதால் அதுவரை ஒரு தடவையும் தெரிய வரவில்லை. உங்கள் மகள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

மதுரைக்கு எழுதிப் போட்டேன், பதில் வரவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கல்லூரியும் கூப்பிடவில்லை. செங்கல்பட்டு வாடகை வீட்டுப் பேச்சையும் நான் எடுக்கவில்லை. கடற்கரைச் சாலை அகலமாயிற்று. திருப்போரூர்ப் பக்கம் வயலெல்லாம் மனையாகிக் கல் நட்டார்கள். என் மாணவர்கள் புது வண்டிகளில் என்னைக் கடந்து போனார்கள். நான் அதே சாலையில் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷங்களில் எனக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு ஒரு சந்தேகம்தான். சூடான இன்ஜினைத் தொட்டே மண்டிக்காரரின் தந்திரத்தைப் பிடித்த மனிதருக்கா ரிசர்வ் தெரியாது? பஸ்ஸில் அப்படி ஒரு குமிழ் கிடையாது, உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்பாள் உங்கள் மகள். சரிதான். ஆனால் கிருத்திகைக்கு அந்த வாரம்தானா போக வேண்டியிருந்தது?

கடைசியில் நீங்கள் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தபோது ஒரு சாயங்காலம், "வண்டிய தொடச்சீங்களா?" என்று கேட்டீர்கள். துடைத்தேன் என்றேன். பிறகு பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "மாமா, அன்னைக்குத் தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

எதை என்று நீங்கள் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

"தெரிஞ்சிருந்தா, நீங்க வூடு பாத்துட்டு வந்த அன்னிக்கே ஒரு வண்டி வாங்கி, ரெஸ்ட்ல போட்டிருப்பேன் மாப்ள."

சொல்லிவிட்டு உடம்பு குலுங்கச் சிரித்தீர்கள். இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். அதற்கு மேல் என்ன கேட்பது?

இன்று காலை உங்கள் பேத்தி பையோடு பின்னால் உட்கார்ந்தாள். திருச்சியில் கல்லூரி, விடுதி. "இங்க இல்லாத காலேஜா?" என்று உங்கள் மகள் உங்கள் குரலிலேயே கேட்டாள். நான்தான், போகட்டும் என்றேன். ஆனால் நேற்றே பெட்ரோல் போட நினைத்தவன் ஏன் போடவில்லை என்று எனக்குத் தெரியாது.

இந்தத் தடவை ஏரிக்கரை வரைகூடப் போகவில்லை. திருக்கழுக்குன்றத்துக்கு இந்தப் பக்கமே வண்டி விக்கியது.

"என்னப்பா ஆச்சு? தாத்தா வண்டிய தூக்கிப் போடுங்கன்னா கேக்கறீங்களா? ட்ரெயின் போயிடும்பா!"

கையைக் கீழே விட்டேன். குமிழ் கீழ்நோக்கி, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ரிசர்வ் அப்படியே இருக்கிறது. ஒரு திருப்பு திருப்பினால் போதும். விரலில் பெட்ரோல் கசிந்து சில்லென்றிருந்தது. வண்டி வேகம் குறைந்து சாலையோரம் ஒதுங்கியது. நான் திருப்பவில்லை. முதுகில் அவள் பையின் கனம் சாய்ந்திருந்தது. இப்படியே நின்றுவிட்டால் அவள் இன்றைக்கு வீட்டில் இருப்பாள் என்று தோன்றியது.

"அப்பா!"

திருப்பினேன். வண்டி தூக்கிப்போட்டுக் கிளம்பியது. ரயிலுக்கு முன்னாலேயே ஸ்டேஷனில் இருந்தோம்.

இதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வரும் வழியில் பெட்ரோல் போட்டேன். மரத்தடியில் நிறுத்தி, துணி எடுத்து மட்கார்டைத் துடைத்தேன். குனிந்து டேப்பை மூடினேன். உள்ளேயிருந்து உங்கள் மகள் கூப்பிட்டாள். "அவள அனுப்பிட்டு வந்து அங்க இன்னா பண்ணிகினு கீறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றேன். "வண்டிய ரெஸ்ட்ல போடறேன்."