எடைமேடைத் திரையில் ஒரு குங்குமப் பொட்டு

இன்று காலை கும்மிடிப்பூண்டி ஆலையின் எடைமேடை அறையில் புதுக் கணினித் திரையைப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். தெர்மாகோல் வாசனை வந்ததும் என் கண் உன்னைத் தேடியது. பெட்டியைப் பிரிப்பதும் பேசுவதும் நீ. மூலையில் உட்கார்ந்து நிரல் எழுதுவது நான். நம் கூட்டுத் தொழிலில் அது மாறவேயில்லை. நீ போன பிறகு நான் தனியாகப் போன முதல் இடம் இது. அதுவும், நம் நிரலை வைத்துக்கொள்வதா, வேறு வாங்குவதா என்று மேலாளர் முடிவு செய்யும் நாளில்.

அந்த முதல் ஆண்டு நினைவிருக்கிறதா? உள்ளே வரும் லாரிகளெல்லாம் திரையில் கட்டம் கட்டமாக, ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். புது லாரி பதிவானால் மேலே ஒரு வரி சேரும்; மற்றவை ஒரு படி கீழே இறங்கும். சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று நினைத்தேன். ஆயுத பூசைக்குத் திரையின் நடுவில் பொட்டு வைத்தார்கள். அதைத் துடைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. எடைபோடும் கலா, மேடையில் நிற்கும் லாரியின் வரியைப் பொட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, பொட்டுக்கு நேரே உள்ள வரியில் எடையை ஏற்றப் பழகிவிட்டாள். ஒரு நாள் வாசலில் இன்னொரு லாரி பதிவாக, வரிகள் இறங்க, எளாவூர் வழியாக வந்த பழைய இரும்பின் எடை வேறொரு லாரியின் வரியில் ஏறிவிட்டது.

"இன்னாம்மா, என் வண்டி காலியாவா வந்துச்சு?" என்று ஓட்டுநர் கத்தினார்.

பொட்டை அழித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ என் தோளை அழுத்தினாய். "பூச போட்ட பொட்ட அழிக்கச் சொல்லாத வாத்தியாரே. வண்டிய பொட்டாண்ட இட்டுக்கினு வா." பிறகு, என்னைக் கேட்காமலே, கலாவிடம் "வரும்மா, சார் பண்ணிடுவாரு" என்றாய். நான் அதை இன்னும் தாளில்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. ஆனால் வந்தது. மேடையில் நிற்கும் லாரியின் வரி நடுவில் அசையாமல் நிற்க, மற்றவை மட்டும் மேலும் கீழும் ஓடின.

இன்று கலா கேட்டாள்: "சார், இப்ப ரெண்டு மேட போட்டுக்கிறாங்க. உள்ள வர்றதுக்கு ஒண்ணு, வெளிய போறதுக்கு ஒண்ணு. ரெண்டு பொட்டு வச்சிக்கினா ரெண்டுத்துக்கும் வண்டி நேரா வருமா?"

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் பழக்கத்தில் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். தாளில் போட்டுப் பார்க்காமல் நான் எதற்கும் ஆம் என்றதில்லை. நாற்காலி காலியாக இருந்தது.

"வரும்மா," என்றேன். குரல் தணிந்துதான் வந்தது. "பட்டியல ரெண்டாப் பிரிச்சிடலாம். மேல உள்ள வர்ற வண்டி, கீழ வெளிய போறது. தனித்தனியா ஓடும். எனக்கு ஒரு வாரம் வேணும்."

நீயாக இருந்தால் நாளைக்கே என்றிருப்பாய்.

மேலாளர் யோசித்தார். "ஒரு வாரந்தானே, எடுத்துக்குங்க சார். புதுசெல்லாம் வாணாம்."

"அட, சாரு பேசிட்டாரே!" என்று கலா சிரித்தாள்.

பயம் போகவில்லை. திரும்பும் ரயிலிலேயே சந்தேகங்கள் வரத் தொடங்கிவிட்டன, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது 'வரும்மா' என்ற அந்த ஒரு சொல்தான். ஒரு வாரக் கெடு மட்டும் என்னுடையது.

காக்களூரில் ஓர் இரும்புப் பட்டறைக்கு வந்து நம் நிரலைப் பற்றிப் பேச முடியுமா என்று தொலைபேசியில் கேட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கேட்டவுடனே.