தலை ஆடிக்கு வந்த இரண்டு டன்

செல்லூர், மதுரை
சித்திரை 14

அன்பு மகள் கனகாவுக்கு அப்பா முத்திருளன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. திங்கட்கிழமை சோழவந்தானில் உங்கள் வீட்டு ஏசியைச் சர்வீஸ் பார்க்க வந்தபோது கண்ணால் பார்த்துவிட்டேன்.

போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். நீ எடுத்ததுமே ஸ்பீக்கரில் போடச் சொல்லும் உன் மாமியார் குரல் எனக்கும் கேட்கிறது. அதனால்தான் இதைச் சர்வீஸ் கார்டு உறைக்குள் வைத்து, கடைக் கூட்டாளி சோணைமுத்துவிடம் கொடுத்தனுப்புகிறேன். கேஸ் அளவு பார்க்க வந்ததாகச் சொல்வான். அந்த உறையை அங்கே வேறு யாரும் பிரிக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாமே அருவருப்பாக இருக்கிறது. அதில் முதல் அருவருப்பு என்மேல்தான்.

இருபத்திரண்டு வருடமாக ஏசி மாட்டுகிறேன். கடைக்கு யார் வந்தாலும் அறையின் நீள அகலத்தைக் கேட்காமல் விலை சொல்ல மாட்டேன். பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு டன் போதும், ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள், மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள், கரண்டு மிச்சமாகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன். உன் தலை ஆடிச் சீருக்கும் அப்படி ஒன்றைத்தான் உங்கள் அறைக்கு அளவாக எடுத்து வைத்திருந்தேன்.

சீர் பேச வந்த இடத்தில் உன் மாமியார் கேட்டது உனக்கு நினைவிருக்கும். "மூத்த மருமக வீட்ல ஒண்ணரை டன் வச்சாங்க. இவளுக்கு ஒரு டன்னா? ஊருல கேட்டா நான் எம்புட்டுன்னு சொல்றது?" அரிசி மூட்டைக்குப் பேசுவதைப் போல எடை பேசினார். டன் என்பது கனம் இல்லை, அறைக்கு வேண்டிய குளிர்ச்சியின் அளவு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் தொழில் அது. ஆனால் நீ கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன். நல்லதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு டன் வாங்கினேன். அதுவும் கையில் இருந்த காசுக்குக் கிடைத்த, கரண்டைக் குடிக்கிற இரண்டு ஸ்டார், பழைய மாடல். மேளம் வைத்துக் கொண்டுவந்து இறக்கினேன். தெருவே நின்று பார்த்தது, உன் மாமியாருக்கு வாய் நிறையச் சிரிப்பு.

அதோடு விட்டார்களா? உங்கள் அறையில் மாட்ட ஏணியை எடுத்தால், ஹாலில் மாட்டுங்கள், வருகிறவர் போகிறவர் கண்ணில் பட வேண்டும் என்றார்கள். வெளியே வைக்கும் பெட்டியை வாசல் பக்கம் வைத்தால் வீட்டு முகப்பு கெட்டுவிடுமாம். மிச்சம் இருந்தது பின்சுவர், உன் ஜன்னலுக்குப் பக்கத்தில். அந்த மிஷின் ஹால் சூட்டையெல்லாம் எங்கே கொண்டுவந்து கொட்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சுவரில் துளை போட்டேன் கனகா. வேறு எவனாவது போட்டிருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

திங்கட்கிழமை உன் ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். கை சுட்டது. ஹாலில் விருந்தாளி இரண்டு பேர் போர்வை கேட்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஆறு மாத வயிற்றோடு நீ முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறாய். கழுத்தெல்லாம் வேர்க்குரு. தலைக்கு மேலே ஃபேன் சும்மா நிற்கிறது. ஏன் என்று கேட்டதற்கு உன் மாமியார் கூசாமல் சொன்னார், நான் கொடுத்த ஏசியால் கரண்டு பில் ஏறிவிட்டதாம், அதனால் பகலில் உன் அறை ஃபேனை நிறுத்தி மிச்சம் பிடிக்கிறார்களாம். மாப்பிள்ளை விக்ரம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நீ டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சர்க்கரை போதுமா அப்பா என்று மட்டும் கேட்டாய். அந்த டீயையும் குடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். மலையம்மாள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "ஊரையெல்லாம் குளிர வச்சீங்க. பெத்த பிள்ளைய அடுப்புக்குப் பக்கத்துல கட்டிக் குடுத்திருக்கீங்க" என்றாள்.

நேற்று உன் பழைய அறைக்கு மொட்டைமாடியில் இரண்டு கை வெள்ளைப் பூச்சு அடித்தேன். ஒரு டன், ஐந்து ஸ்டார் மாட்டிவிட்டேன். வெளிப்பெட்டியை மாடியில் ஏற்றிவிட்டேன். யார் ஜன்னலிலும் அனல் அடிக்காது. உன் அம்மா கட்டிலைத் துடைத்துப் போட்டு, ரிமோட்டைத் தலையணைமேல் வைத்திருக்கிறாள்.

வளைகாப்புக்கு முன்னால் பிறந்த வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் தங்களிடம் இல்லை என்று உன் மாமியார் சொல்வார். சொல்லட்டும். அவர்கள் வழக்கத்துக்குத் தலையாட்டித்தான் உன்னை அந்த அறையில் வேகவிட்டேன். வளைகாப்பை இங்கே வைத்துக்கொள்ளலாம். மனம் இருப்பவர்கள் வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆட்டோவோடு வாசலில் நிற்பேன். ஆஸ்பத்திரிச் சீட்டை மட்டும் எடுத்துக்கொள், துணிமணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் சுற்றி நிற்பார்கள். நான் "வாரியாம்மா" என்று ஒரு தடவை கேட்பேன். அன்றைக்கு நீ என் முகத்தைப் பார்த்தாய், நான் சபையைப் பார்த்தேன். இந்தத் தடவை நான் உன்னை மட்டும்தான் பார்ப்பேன். நீயும் யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கி வந்துவிடு தாயி.

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் உடம்பு குளிர்ந்து நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
முத்திருளன்