பருத்திக் கிடங்கில் தீ வைத்தது யார்

ஜார்ஜியா, அமெரிக்கா, ஜூன் 1954

மாண்புமிகு அண்ணாவுக்கு,

நீ நீதிபதித் தேர்தலில் நிற்கிறாயாம். சிறுவயதிலேயே நீ எவ்வளவு நேர்மையானவன் என்று நான் பத்திரிகைக்கு எழுதித் தர வேண்டுமாம். சிரித்து வயிறு வலித்தது.

அப்பாவின் சுருட்டைத் திருடிப் புகைத்து, பருத்திக் கிடங்கை எரித்தவன் நீ. உனக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது. "வாயத் தொறந்த, உன் நாய்க்குட்டிய ஆத்துல போட்டுருவேன்" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. நம் கூலியாள் லெமுவலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் கறுப்பர், வேறு சாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை. காலில் சங்கிலியோடு சாலைக்குக் கல் உடைத்தார், மூன்றாம் வருடம் செத்துப்போனார். செய்தி வந்த அன்று நீ இரண்டாம் முறையும் கேக் கேட்டு வாங்கித் தின்றாய்.

நாய்க்குட்டிக்காக ஒரு மனிதரை விட்டுக்கொடுத்தவள் நான். உன்னைவிட ஒன்றும் உசத்தியில்லை.

நேற்று லெமுவலின் மனைவி ஒடெஸ்ஸாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இருவது வருஷம் கழிச்சு அழறதுக்கு என் வீடுதான் கெடச்சுதா? கோர்ட்டுல போய்ச் சொல்லும்மா. அங்கதான் எழுதி வச்சுக்குவாங்க."

திங்கட்கிழமை வாக்குமூலம் கொடுக்கப் போகிறேன். அழமாட்டேன்.

உன் தங்கை